எந்தச் சரிவை எந்த நாளில் வெட்டுவது

ஜூன், ஜூலை மாதங்களில் சூரிச், பேர்ன் பக்கமிருந்து கல்யாண அழைப்பிதழ் வந்தால் நான் உடனே வருகிறேன் என்று சொல்வதில்லை. அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில் என்றால் நான் மண்டபத்தில் இருக்கமாட்டேன், மலைச் சரிவில் வாரியோடு நிற்பேன். மழை என்றால் கட்டாயம் வருவேன். சொந்தக்காரர்களுக்கு இது இன்னும் விளங்கவில்லை. "புல்லுத்தானே, அடுத்த கிழமை வெட்டினால் என்ன?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒருமுறை விளக்கமாக எழுதிவிடலாம் என்று கன நாளாக நினைத்திருந்தேன்.

நான் வேலை செய்யும் பண்ணை பேர்ன் மாநிலத்தில், சிம்மென்டால் பள்ளத்தாக்கில் இருக்கிறது. வீடும் தொழுவமும் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில். மேல் சரிவுகள் 1,400 மீட்டர் வரை போகின்றன. பெரியவர் ஒருவரும் அவருடைய மகளும் நடத்துகிறார்கள். ஜூனில் மாடுகள் இன்னும் மேலே, கோடை மேய்ச்சல் மலைக்கு ஏறிவிடும், செப்டெம்பரில்தான் இறங்கும். அவை மேலே நிற்கும் நாட்களில் கீழே நாங்கள் அவற்றின் குளிர்காலச் சாப்பாட்டைச் சேர்த்துவிட வேண்டும். நவம்பர் தொடக்கம் மே முற்பகுதி வரை தொழுவத்தில் நிற்கும் பசுவுக்கு நாளுக்கு 15 கிலோ உலர்புல் என்று வைத்தாலும், ஒரு பசுவுக்கே மூன்று தொன்னுக்குக் கிட்ட வேண்டும். வாங்கலாம்தான். ஆனால் மலைக்கு ஏற்றிவரும் புல்லின் விலை பாலில் வரும் காசைத் தின்றுவிடும்.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. எங்கள் பால் சீஸ் செய்யப் போகிறது. எமென்டாலர், க்ரூயேர் போன்ற சீஸ்களுக்குப் பால் கொடுக்கும் மாடுகள் ஊறல் புல், அதாவது சைலேஜ், தின்னக் கூடாது என்பது விதி. சைலேஜில் பெருகும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் மாட்டின் வயிறு, சாணம், மடி வழியாகப் பாலுக்குள் வந்துவிடும். பாலைச் சூடாக்கினாலும் அவை சாவதில்லை. சீஸ் செய்து மாதக்கணக்கில் கழிந்த பிறகு உள்ளே வாயு கிளம்பிச் சீஸ் சக்கரத்தையே வெடிக்கவைக்கும். கீழே சமவெளிப் பண்ணைகளில், மழை வருகிறது என்றால் ஒரு நாள் வாடிய புல்லைச் சுருட்டி வெள்ளை பிளாஸ்டிக்கால் சுற்றிவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு அந்த வழி இல்லை. வெட்டிய புல் காய்ந்தே ஆக வேண்டும். அதனால்தான் எங்களுக்கு நாள் பார்ப்பது இவ்வளவு பெரிய விஷயம்.

நாள் பார்ப்பதை நான் புல்லிலிருந்துதான் தொடங்குவேன். முதலில் பார்ப்பது கோழிக்கால் புல் என்று நானாகப் பெயர் வைத்துக்கொண்ட புல்லை. கதிர் விரிந்தால் கோழிக்கால்போல இருக்கும். இங்கே க்னாவுல்கிராஸ் என்பார்கள். அதன் கதிர் இலையுறைக்குள்ளிருந்து வெளியே தலைநீட்டும் நாட்கள்தான் உரம் போட்ட புல்வெளிக்குச் சரியான பருவம். அதற்கு முன் வெட்டினால் புல் இளசு, புரதம் நிறைய, ஆனால் கொட்டகை நிறையாது. கதிர் முழுதும் விரிந்து பூத்த பிறகு வெட்டினால் கொட்டகை நிறையும், ஆனால் தண்டு மரத்துப்போய்விடும். மாடு தின்னும், பால் வராது. நெல் முற்ற முற்ற நல்லது என்று பழகிய எனக்கு, பூக்க முன்னமே வெட்டு என்பதை மனம் ஏற்க நாள் எடுத்தது. நாங்கள் வன்னியில் மணிக்காக வெட்டினோம், வைக்கோல் மிச்சம். இங்கே இலைக்காகத்தான் வெட்டுகிறோம், மணி தேவையில்லை.

மலை என்பதால் இந்தப் பருவம் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் வராது. நூறு மீட்டர் ஏறினால் புல் மூன்று நான்கு நாள் பிந்தும். வீட்டடியில் கதிர் வந்த நாளில் மேல் சரிவில் இன்னும் காட்டு ஜெரேனியம் மொட்டாக நிற்கும். அதோடு பள்ளத்தாக்கின் வெயில் பக்கமும் நிழல் பக்கமும் வேறு வேறு உலகம். எதிர்ச் சரிவில் இருக்கும் பண்ணைக்காரர் எங்களோடு ஒரே உயரத்தில்தான் இருக்கிறார், ஆனால் எங்களுக்குப் பிறகுதான் மெஷினை வெளியே எடுப்பார். நம்மவர்கள் காரில் வந்து இறங்கி, "அங்கே வெட்டிவிட்டார்கள், நீங்கள் ஏன் வெட்டவில்லை?" என்று கேட்பார்கள். எங்கள் மலையில் இப்படி ஒப்பிடவே கூடாது. ஒவ்வொரு சரிவுக்கும் அதன் அதன் நாள்.

சரி, புல் தயார். இப்போது வானத்தைப் பார்க்க வேண்டும்.

வெட்டிய புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதை நூற்றுக்குப் பதினைந்து அளவுக்கு இறக்கினால்தான் கொட்டகையில் போட்டு வைக்கலாம். வெயிலில் மட்டும் இதைச் செய்ய நல்ல காலநிலையில் மூன்று நாள் வேண்டும். எங்கள் கொட்டகையில் கீழே மரச்சட்டத் தளமும் பெரிய காற்றாடியும் இருக்கின்றன. கூரைத் தகட்டுக்கு அடியில் வெயிலில் சூடாகும் காற்றை இழுத்துப் புல்லுக்குள் ஊதும். அதனால் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, இரண்டாம் நாள் பின்னேரமே உள்ளே கொண்டுவந்துவிடலாம். அந்த ஒரு நாள் மிச்சத்தின் பெறுமதி எனக்குத்தான் தெரியும். ஜூனில் மழையில்லாத இரண்டு நாள் அடுத்தடுத்துக் கிடைக்கும். மூன்று கிடைப்பது அதிர்ஷ்டம்.

பெரியவர் காற்றைப் பார்ப்பார். பீஸ் என்று சொல்லும் வடகிழக்குக் காற்று வறண்டது, குளிர்ந்தது. அது பிடித்தால் சில நாள் நிற்கும் என்று நம்பலாம். ஃபான் காற்று வேறு மாதிரி. தெற்கே ஆல்ப்ஸின் மறுபக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி, வறண்டு, வேகமாக வரும். ஒரு பகலில் புல்லைச் சருகாக்கிவிடும். தூரத்து மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெளிவாகத் தெரிந்தால் அது ஃபான் நாள். ஆனால் அது விழும்போது மழையோடுதான் விழும். ஃபானை நம்பி வெட்டலாம், ஃபானை நம்பிப் புல்லைக் கிடத்திவிட்டுத் தூங்க முடியாது.

மகள் மெட்டியோஸ்விஸ் வானிலைச் செயலியைப் பார்ப்பாள். நான் இரண்டு பேரையும் கேட்பேன். இங்கே ஜூன் 27ஆம் தேதிக்கு ஏழு தூங்குவோர் நாள் என்று பெயர். அன்றைய வானிலைதான் அடுத்த ஏழு கிழமைக்கும் என்பது பழைய நம்பிக்கை. அந்த ஒரு நாளை வைத்து நான் எதையும் முடிவுசெய்யமாட்டேன். ஆனால் ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் ஒரு போக்குப் பிடித்துவிட்டால் அது கிழமைக்கணக்கில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். 2021 கோடையில் மழையும் ஆலங்கட்டியும் ஓயவே இல்லை. கதிர் பழுத்து, தண்டு சாய்ந்து, அடியில் மஞ்சளித்துப்போன புல்லை ஜூலையில் வெட்டினோம். அடுத்த வருடம், 2022இல், வெயில் விடவே இல்லை. எந்த நாளில் வெட்டினாலும் காய்ந்தது. ஆனால் வெட்டிய பிறகு மறுபடி முளைக்கத் தண்ணீர் இல்லை. இரண்டு வருடமும் கொட்டகை நிறையவில்லை, இரண்டும் நேரெதிர்க் காரணங்களால்.

வெட்டும் நாளின் வேலை இப்படிப் போகும். பனி விலகிய பிறகு மெஷின் வெட்டு. இருப்பது அநேகமாக பூர்க்டோர்ஃபில் செய்த ஏபி மெஷின்கள்தான். செங்குத்தான இடங்களுக்குக் கைப்பிடி பிடித்து நடக்கும், முள்ளுச் சக்கரம் வைத்த சிறிய மெஷின். அதுவும் போகாத மூலைகளில் பெரியவர் நெடும்பிடி அரிவாளோடு இறங்குவார், அவர் மட்டும் விடியலிலேயே. பனி நனைந்த புல்தான் அரிவாளுக்கு வழுக்கிக்கொண்டு விழும். முதல் நாள் வெட்டிய புல்லை உடனே உதறிப் பரப்ப வேண்டும். மத்தியானம் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை பிரட்ட வேண்டும். இருட்டமுன் நீள வரிசைகளாகக் கூட்டிவிட வேண்டும், இரவுப் பனி குறைவாகப் பிடிக்கும். மறுநாள் தரை காய்ந்ததும் திரும்பவும் பரப்ப வேண்டும்.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு மெஷினை மெதுவாக விடச் சொல்வேன். குளோவர், காட்டுப் பூண்டுகளின் இலைகள் தண்டுக்கு முன்னமே காய்ந்துவிடும். வேகமாகப் பிரட்டினால் அந்த இலைகள் பொடியாகித் தரையோடு போய்விடும். மாட்டுக்கு நல்லது அந்த இலைதான். காய்ந்ததா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து முறுக்குவேன், பிறகு தண்டின் கணுவை நகத்தால் கீறுவேன். கணுதான் கடைசியில் காயும். நகத்தில் ஈரம் ஒட்டினால் இன்னும் ஒரு மணித்தியாலமாவது காத்திருக்க வேண்டும், மேற்கே முகில் கறுத்தாலும்.

அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் சண்டையே வரும். மகள் மழைக்கு முன் ஏற்றிவிடுவோம் என்பாள். பெரியவர் வேண்டாம் என்பார். நான் பெரியவர் பக்கம். ஈரப் புல்லைக் குவித்தால் உள்ளே கிருமிகள் வேலை செய்யத் தொடங்கிச் சூடு ஏறும். குவியலுக்குள் 45 பாகை வரை பயமில்லை. 55ஐத் தாண்டினால் அடிக்கடி பார்க்க வேண்டும். 70 ஆனால் தீயணைப்புப் படையைக் கூப்பிட வேண்டும், அவர்கள் வரமுன் குவியலைக் கிளறவும் கூடாது, காற்றுப் பட்டால் பற்றிவிடும். வெட்டிய அன்று இல்லை, பல கிழமை கழித்து, எல்லோரும் மறந்த பிறகு கொட்டகை எரிந்த பண்ணைகள் இந்த நாட்டில் உண்டு. அதனால் நீளமான இரும்புக் குழாய்போன்ற வெப்பமானியைக் குவியலுக்குள் செருகி, முதல் இரண்டு மாதமும் கணக்கு எழுதிவைக்கிறோம். மழையில் நனைந்த புல் நிறமும் சத்தும் இழக்கும், திரும்பக் காயவைக்கலாம். எரிந்த கொட்டகையை என்ன செய்வது? கொஞ்சம் முற்றினாலும் பரவாயில்லை, காய்ந்த புல்தான் வேண்டும்.

இதுவரை சொன்னது உரம் போட்ட, வீட்டுக்குக் கிட்டிய வெளிகளின் கதை. மே கடைசி, ஜூன் முற்பகுதியில் அவை முடிந்துவிடும். எனக்கு மனதுக்கு நெருக்கமானவை மேலே இருக்கும் பூவெளிகள். அங்கே எருவும் போடுவதில்லை, வேறு உரமும் இல்லை. அரசாங்கம் இப்படிப்பட்ட வெளிகளுக்குத் தனியாகப் பணம் கொடுக்கிறது. நிபந்தனை, குறித்த தேதிக்கு முன் வெட்டக் கூடாது. தேதி, நிலம் எந்த வலயத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பள்ளத்தாக்கு வலயத்திலும் குன்று வலயத்திலும் ஜூன் 15, மலை வலயம் ஒன்றிலும் இரண்டிலும் ஜூலை 1, மூன்றிலும் நான்கிலும் ஜூலை 15. நாங்கள் மூன்றாம் வலயம். ஜூலை 10இல் வானம் திறந்து 15இல் மூடினால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சிலர் இதைத் திட்டுவார்கள். திட்டுவதில் நியாயம் இல்லாமல் இல்லை, வெயிலுக்குத் தேதி தெரியாது. இருந்தாலும் நான் அந்தத் தேதியை ஆதரிக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

அந்த வெளியில் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு சிறு செடி இருக்கிறது. இங்கே க்லாப்பர்டோப்ஃப். புல்லின் வேரிலிருந்து சாறு உறிஞ்சி வாழ்வது. அதனால் புல் அடர்த்தி குறையும், மற்றப் பூக்களுக்கு இடம் கிடைக்கும். ஒரு வருடச் செடி. விதை விழாமல் வெட்டினால் இரண்டு மூன்று வருடத்தில் அந்த வெளியிலேயே இல்லாமல் போகும். பழுத்ததும் உலர்ந்த பைக்குள் விதைகள் தளர்ந்து, நடந்தால் காலடியில் நம்மூர்க் கிலுகிலுப்பைக் காய்போலச் சலசலக்கும். பெரியவர் கலண்டரைப் பார்ப்பதில்லை, பூவெளிக்குள் ஒருமுறை நடந்துவிட்டு வருவார். "சத்தம் கேட்குது" என்றால் வெட்டலாம். அநேகமாக அது ஜூலை நடுப்பகுதியாகத்தான் இருக்கும். தேதியை எழுதியவர்கள் சும்மா எழுதவில்லை.

தரையில் கூடு கட்டும் பறவைகளும் உண்டு. பிரவுன்கேல்ஷன் என்ற சின்னப் பறவை, ஆபிரிக்காவிலிருந்து வந்து புல்லுக்குள் முட்டையிடும். சமவெளியில் மே மாதத்திலேயே வெட்டத் தொடங்கியதால் அங்கே அது கிட்டத்தட்ட இல்லை. பிந்தி வெட்டும் மலை வெளிகளில்தான் இன்னும் மிச்சம். குஞ்சு பறக்கும்வரை நாம் காத்திருந்தால் அது அடுத்த வருடமும் வரும்.

மான்குட்டிக்குத் தேதி உதவாது. ரே என்ற சிறிய மான்கள் மே, ஜூனில் குட்டி போட்டு, உயரமான புல்லுக்குள் மறைத்துவிட்டுப் போகும். ஆபத்து வந்தால் குட்டி ஓடாது, தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். மெஷின் சத்தத்துக்கும் அப்படியே படுத்திருக்கும். சரியாக நாங்கள் முதல் வெட்டு வெட்டும் நாட்கள் அவை. இப்போது குட்டி மீட்கும் தன்னார்வலர்கள் வெப்பக் கமெராவோடு ட்ரோன் கொண்டுவருகிறார்கள். வெயில் தரையைச் சூடாக்கமுன், விடியலில்தான் குட்டியின் உடற்சூடு தனியாகத் தெரியும். குட்டியைக் கண்டால் கையில் புல்லை நிறையப் பிடித்துக்கொண்டு, மனித வாசம் படாமல் தூக்கி, ஓரத்தில் பெட்டியால் மூடிவைப்போம். வெட்டி முடிந்ததும் திறந்துவிட, தாய் தேடி வரும். இதற்காக முதல் நாள் பின்னேரமே வெட்டுவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். காலையில் வானத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்பது அந்த நாட்களில் நடக்காது. வெட்டுவது ஒரு நாள் தள்ளிப்போனால் தேடுவதையும் திரும்பச் செய்ய வேண்டும், இரவில் குட்டி இடம் மாறியிருக்கும்.

இன்னொன்றைப் பற்றி நம்மவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈரமான வெளிகளில் ஹெர்ப்ஸ்ட்சைட்லோஸே என்றொரு செடி வரும். செப்டெம்பரில் இளஊதாப் பூ மட்டும் இலையில்லாமல் நிற்கும், வசந்தத்தில் இலையும் காயும். நமது கார்த்திகைப்பூவின் குடும்பம் அது. கார்த்திகைப்பூக் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் அதே கொல்சிசின் நஞ்சுதான் இதிலும். மேயும்போது பழகிய மாடு அதை ஒதுக்கிவிடும். உலர்புல்லுக்குள் கலந்துவிட்டால் ஒதுக்கத் தெரியாது, காய்ந்தாலும் நஞ்சு போகாது. பிந்தி வெட்டும் வெளியில் அதன் காய் பழுத்து விதை பரவும் ஆபத்தும் கூடவே இருக்கிறது. அதனால் வசந்தத்தில் இலை எழும்பியதும் நானும் பெரியவரின் மகளும் வெளி முழுக்க நடந்து கையால் பிடுங்குகிறோம். கையுறை போட்டுத்தான்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒரு நல்ல வெயில் கிழமையில் பெரிய மெஷின் வாடகைக்கு எடுத்து மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சாக வெட்டித்தள்ளும் முறை மலைக்கு ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து. சில பண்ணைகளில் இப்போது அப்படித்தான் நடக்கிறது, ஆள் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான். ஆனால் அப்படி வெட்டினால் பாதிப் புல் இளசாகவும் பாதி முற்றியும் இருக்கும், பூச்சிக்கும் பறவைக்கும் ஒதுங்க ஒரு மூலையும் மிஞ்சாது. நாங்கள் பூவெளியை வெட்டும்போது பத்தில் ஒரு பங்கைப் பட்டையாக விட்டுவிடுகிறோம், அடுத்த முறை வேறு பட்டை. சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினால் மழை வந்தாலும் நனைவது ஒரு துண்டுதான். குளிர்காலத்தில் கறக்கிற மாட்டுக்கு இளம்புல், கன்றுக்கும் வற்றின மாட்டுக்கும் பூவெளிப் புல் என்று பிரித்துப் போடவும் முடியும்.

முதல் வெட்டுக்குப் பிறகு, கீழ் வெளிகளில் ஏழெட்டுக் கிழமையில் இரண்டாம் புல் வந்துவிடும். இதை எம்ட் என்பார்கள். கதிரில்லாமல் இலை மட்டும், மென்மையானது, மாடுகள் முந்தியடித்துத் தின்னும். ஆனால் காயவைப்பது முதல் வெட்டைவிடக் கஷ்டம். ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு பகல் குறுகும், பனி காலை பத்து பதினொரு மணிவரை விலகாது, வெயில் மலைக்குப் பின்னால் சீக்கிரம் போய்விடும். ஒரு நாளில் உண்மையாகக் காயும் நேரம் ஆறு மணித்தியாலம்கூடத் தேறாது. அதனால் எம்ட் புல்லுக்குக் காற்றாடி இரவும் பகலும் ஓடும், மின்சாரச் செலவையும் கணக்கில் வைத்துத்தான் நாள் குறிப்போம். இந்த வருடம் மகள் அதை ஓகஸ்ட் முதல் கிழமைக்கே முன்தள்ளப் பார்க்கிறாள், புல் கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் சரி என்று. நானும் அதற்குத்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே ஓகஸ்ட் முதல் சனிக்கிழமை மண்டபம் எடுத்திருப்பவர்கள் என்னை எதிர்பார்க்க வேண்டாம். மழை பெய்தால் மட்டும் எனக்கும் ஒரு சாப்பாடு வையுங்கள்.